பேட்டரி வீடியோ காலிங் பெல்: சுவரில் துளை போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

வயர் இழுக்க வேண்டாம், ஆள் கூப்பிட வேண்டாம், பத்தே நிமிடத்தில் மாட்டிவிடலாம் என்று பெட்டியில் போட்டிருந்தது. பொய் சொல்லக் கூடாது, பத்து நிமிடத்தில் மாட்டித்தான் முடித்தேன். ஆறு மாதம் வரும் என்ற பேட்டரி பத்தொன்பதாம் நாள் செத்தது. மணி அடித்தது தெரியாமல் இரண்டு பார்சல்கள் திரும்பிப் போயின. வாசல் சுவரில் தவறான உயரத்தில் போட்ட இரண்டு துளைகள் பட்டி பூசிய தழும்புகளாக இன்னும் இருக்கின்றன. எல்லாம் சரியாக மூன்று மாதம் ஆனது. உங்களுக்கு ஒரு வாரத்தில் முடிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். வயரில் ஓடும் கேமரா எந்நேரமும் விழித்திருக்கும். பேட்டரியில் ஓடுவது பெரும்பாலான நேரம் தூங்கும். வாசலில் உடல் சூடுள்ள ஏதாவது அசைந்தால், அல்லது யாராவது பொத்தானை அழுத்தினால், விழித்து, வைஃபையைப் பிடித்து, படம் எடுத்து, அனுப்பிவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும். பேட்டரி எத்தனை நாள் வரும், ஆளின் முகம் விழுமா முதுகு விழுமா என்பதெல்லாம் அது எத்தனை முறை விழிக்கிறது, எவ்வளவு சீக்கிரம் விழிக்கிறது என்பதைப் பொறுத்தது. கீழே வரும் எல்லாப் படிகளும் இதைச் சுற்றித்தான்.

1. வாங்குவதற்கு முன்: கதவைச் சாத்திவிட்டு வெளியே நில்லுங்கள்

பெல் எங்கே வரப்போகிறதோ அந்த இடத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். வீட்டு வைஃபையில் மட்டும் யாருக்காவது ஒரு வீடியோ கால் போடுங்கள். கதவு சாத்தியிருக்க வேண்டும், இது முக்கியம். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சோதித்தேன், அருமையாக இருந்தது. இரும்புக் கதவைச் சாத்தியதும் சிக்னல் பாதியானது, அது பெல்லை மாட்டிய பிறகுதான் தெரிந்தது.

வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் உண்டு. இந்த பெல்களில் பெரும்பாலானவை 2.4-இல் மட்டுமே இயங்கும். உங்கள் ரவுட்டர் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் கொடுக்கிறது என்றால் போனை 2.4-இல் மட்டும் நிறுத்திப் பாருங்கள். இல்லையென்றால் சோதனைக்கு அர்த்தமில்லை. சிக்னல் அளவைக் காட்டும் இலவச ஆப்கள் இருக்கின்றன. அவற்றில் எண் மைனஸில் வரும், பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 என்றால் யோசிக்கவே வேண்டாம். மைனஸ் 65 வரை சமாளிக்கும். மைனஸ் 75 என்றால் முதலில் சிக்னல் நீட்டிக்கும் கருவிக்குப் பணம் ஒதுக்குங்கள், பெல் அப்புறம்.

சிக்னல் குறைந்தால் படம் மட்டும் கெடும் என்று நினைக்காதீர்கள். பேட்டரியும் வேகமாகப் போகும், ஏனென்றால் ஒரே காணொளியை அனுப்ப அது அதிக நேரம் விழித்திருந்து மல்லுக்கட்ட வேண்டும்.

2. மொத்தச் செலவை ஒரு தாளில் எழுதுங்கள்

கடையில் போட்டிருக்கும் விலை முதல் தவணை மாதிரிதான். தாளில் ஐந்து வரி எழுதுங்கள்: கருவி, வீட்டுக்குள் ஒலிக்கும் மணி, உதிரி பேட்டரி, சாய்வாக மாட்டும் தட்டு, மூன்று வருடச் சந்தா. என் கணக்கில் கடைசி வரி மட்டுமே முதல் வரியைத் தாண்டிவிட்டது.

சந்தாவைப் பற்றிக் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: சந்தா கட்டாவிட்டால் என்ன மிஞ்சும்? சில மாடல்களில் மணி அடிக்கும், நேரலையில் பார்க்கலாம், அவ்வளவுதான். நேற்று வந்தது யார் என்று திருப்பிப் பார்க்க முடியாது. சிலவற்றில் பதிவுகள் மெமரி கார்டிலோ வீட்டுக்குள் வைக்கும் துணைப் பெட்டியிலோ சேரும், மாதக் கட்டணம் கிடையாது. எனக்கு இரண்டாவது வகைதான் பிடிக்கும். ஆனால் கார்டு பெல்லுக்குள்ளேயே இருந்தால், பெல்லைத் திருடுகிறவன் தன் படத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போவான். கார்டு உள்ளே இருக்கும் பெட்டியில் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

பேட்டரி கையோடு கழன்று வருமா என்பதையும் பாருங்கள். வராத மாடலில் சார்ஜ் போட முழு பெல்லையும் சுவரிலிருந்து எடுக்க வேண்டும். அத்தனை மணி நேரமும் வாசல் குருடுதான்.

3. அனுமதியும் காகிதங்களும்

வாடகை வீடா, துளை போட எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குறுஞ்செய்தி கூடப் போதும், ஆனால் அழிக்காமல் வையுங்கள். அடுக்குமாடி என்றால் பொது நடைபாதை கேமராவில் விழும், அதனால் குடியிருப்போர் சங்கத்திடமும் கேட்டுவிடுவது நல்லது. எதிர் வீட்டுக் கதவு நேராகப் படத்தில் விழுகிறது என்றால் அவர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள், போனில் படத்தைக் காட்டுங்கள். காட்டினாலே பாதிச் சண்டை வராது.

இதை ஏனோதானோ என்று விட வேண்டாம். 2021 அக்டோபரில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட் கவுண்டி நீதிமன்றத்தில் அக்கம்பக்கத்தார் இருவருக்கிடையே இப்படி ஒரு வழக்கு முடிந்தது. வீட்டு கேமராக்களும் வீடியோ பெல்லும் பக்கத்து வீட்டுக்காரரின் தரவுப் பாதுகாப்பு உரிமையை மீறின என்றது தீர்ப்பு. குறிப்பாக, தொலைவில் பேசும் பேச்சைக்கூடப் பிடிக்கும் ஒலிப்பதிவைத்தான் நீதிபதி பெரிதாக எடுத்துக்கொண்டார். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் ஆப்பில் ஒலிப்பதிவை நிறுத்தும் வசதியும், படத்தின் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதியும் பல பெல்களில் இருக்கின்றன. முதல் நாளே இரண்டையும் பயன்படுத்திவிடுங்கள்.

காகிதங்களில் நான்கு: பில், உத்தரவாத அட்டை, பெட்டியின் மேல் உள்ள வரிசை எண், பெல்லின் முதுகில் உள்ள க்யூஆர் கோடு. நான்கையும் போட்டோ எடுத்து வையுங்கள். க்யூஆர் கோடு ஏன் என்றால், சுவரில் மாட்டியபின் அது சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஆறு மாதம் கழித்து ரவுட்டரை மாற்றும்போது அதைத்தான் ஆப் கேட்கும்.

4. முதல் இரவு சார்ஜுக்கு

பெட்டியைப் பிரித்த கையோடு மாட்டத் தோன்றும். பொறுங்கள். பேட்டரி பாதி சார்ஜில்தான் வரும், முழுதாக ஏற ஐந்து முதல் பத்து மணி நேரம் ஆகும். இரவு போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

காலையில் ரவுட்டருக்குப் பக்கத்தில் மேசை மேல் வைத்தே ஆப்பில் சேர்த்துவிடுங்கள். இணைந்ததும் மென்பொருள் அப்டேட் கேட்கும், அதுவும் முடியட்டும். வாசலில் நின்றுகொண்டு கடவுச்சொல் தட்டுவதை விட இது எவ்வளவோ மேல். இணையவே மாட்டேன் என்றால் வழக்கமான காரணங்கள் இரண்டு: போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும், அல்லது ரவுட்டர் புதிய டபிள்யூபிஏ3 பாதுகாப்பு முறையில் மட்டும் இருக்கும். ரவுட்டரில் டபிள்யூபிஏ2-ஐயும் அனுமதித்துப் பாருங்கள்.

இலவச சந்தா வேண்டுமா என்று கேட்கும்போது அட்டை எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள். முதல் சில நாள் சந்தா இல்லாமலே ஓட்டிப் பாருங்கள், உண்மையில் என்ன மிஞ்சுகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் வேண்டுமானால் சேரலாம்.

5. டேப்பில் இரண்டு நாள், அப்புறம் டிரில்

என் சுவரின் இரண்டு தழும்புகளும் இந்தப் படி தெரியாததால் வந்தவை. பெல்லை நல்ல இரட்டைப் பக்க டேப்பில் தற்காலிகமாக ஒட்டி, இரண்டு நாள் படத்தைப் பாருங்கள். உயரம் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர். முதல் முறை நான் முகம் நன்றாகத் தெரியட்டும் என்று கண் உயரத்தில் மாட்டினேன். வந்தவர்களின் உச்சந்தலையும் ஆகாயமும் தெரிந்தன, வாசற்படியில் வைத்த பார்சல் தெரியவில்லை. இதன் லென்ஸ் அகலமாகப் பார்க்கும், இடுப்புக்குச் சற்று மேல் வைத்தாலே முகம் விழும்.

இரண்டு நாளில் கவனிக்க வேண்டியவை சில. காலையிலோ மாலையிலோ வெயில் நேராக லென்ஸில் அடிக்கிறதா? அடித்தால் ஆள் கறுப்பு நிழலாகத் தெரிவார், பெல்லும் சூடேறும். பக்கத்திலேயே வெள்ளைச் சுவர் ஒட்டி நிற்கிறதா? இரவில் பெல் வீசும் அகச்சிவப்பு ஒளி அந்தச் சுவரில் பட்டுத் திரும்பி, சுவர் பளபளக்கும், ஆள் முகம் இருண்டுவிடும். சாய்வுத் தட்டு ஒன்று போட்டுத் திருப்பிவிட்டால் சரியாகும். கண்ணாடிக்குப் பின்னால் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. உடல் சூட்டை உணரும் சென்சாருக்குக் கண்ணாடி ஒரு சுவர்.

துளையே போடக் கூடாது என்றால் வலுவான ஒட்டும் டேப்பிலேயே நிரந்தரமாகவும் வைக்கலாம். சுவரை ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு, தட்டை மட்டும் ஒட்டி அழுத்துங்கள். முழுப் பிடிப்பு வர மூன்று நாள் ஆகும், அதற்குமுன் பெல்லைத் தொங்கவிடாதீர்கள். உதிரும் சுண்ணாம்புச் சுவரில் இது நிற்காது.

திருகுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பெட்டியில் நீளமான திருகுகள் சுவருக்கு, குட்டித் திருகு பெல்லைத் தட்டோடு பூட்டுவதற்கு. மாற்றிப் போடாதீர்கள். 2020 நவம்பரில், வீடியோ பெல் தயாரிக்கும் ரிங் நிறுவனத்தின் ஒரு மாடல், அமெரிக்காவில் மட்டும் சுமார் 3,50,000 பெல்கள், இந்தக் காரணத்துக்காகவே திரும்ப அழைக்கப்பட்டது. தவறான திருகைப் போட்டால் பேட்டரி சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்து இருந்தது. குட்டித் திருகு தொலைந்தால் கைக்குக் கிடைத்ததை முடுக்காமல் அதே அளவில் கேட்டு வாங்குங்கள். அதைக் கழற்றும் நட்சத்திர முனைத் திருப்புளியும் தொலையும் ஜாதி. அலமாரிக் கதவின் உட்புறம் டேப் போட்டு ஒட்டி வைத்துவிட்டேன், இதுவரை தப்பித்திருக்கிறது.

பழைய பெல்லின் வயரோடு இணைத்தால் சார்ஜ் தொல்லையே இல்லையே என்று தோன்றும். பல மாடல்கள் 8 முதல் 24 வோல்ட் குறைந்த மின்னழுத்தத்தை ஏற்கும். ஆனால் பல வீடுகளில் பழைய பெல் பொத்தானுக்கு வருவது நேரடி 220–240 வோல்ட். அதில் கை வைக்க வேண்டாம். என்ன வருகிறது என்று எலக்ட்ரீஷியன் அளந்து சொல்லட்டும்.

6. முதல் வாரம்: விழிப்பைக் குறையுங்கள்

என் பேட்டரி பத்தொன்பது நாளில் செத்த கதைக்கு வருவோம். ஆப்பில் நிகழ்வுப் பட்டியலைத் திறந்து ஒரு நாள் முழுக்க எண்ணினேன். 143. வீட்டுக்கு வந்தவர்கள் ஏழு பேர். மீதி 136-இல் தெருவில் போன வண்டிகள், ஒரு பூனை, வெயிலில் சூடேறி ஆடிய செடி ஒன்று, அப்புறம் நாங்களே. பெட்டியில் போட்டிருக்கும் ஆறு மாதம் பொய்யில்லை. ஒரு நாளைக்கு ஒரு சில நிகழ்வுகள் மட்டும் நடக்கும் வாசலுக்கு அது கணக்கு.

எனவே முதல் வாரம் தினமும் இரவு பட்டியலை எண்ணுங்கள். நான் செய்த மாற்றங்கள் பலன் தந்த வரிசையில் இவை.

முதலாவது, உணரும் பகுதியைச் சுருக்கியது. ஆப்பில் வாசற்படி மட்டும் அடங்குமாறு கட்டம் வரைந்தேன், தெருவை வெட்டினேன். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சில மாடல்களில் கட்டம் வரைந்தால் அறிவிப்பு மட்டும்தான் குறையும், பெல் என்னவோ பழையபடி விழித்து, பார்த்து, வேண்டாம் என்று முடிவெடுத்து, தூங்கப் போகும். அப்படிப்பட்டதில் சென்சாரின் உணர்திறனையும் குறைத்தால்தான் பேட்டரி மிஞ்சும். பெல்லைத் தெருவிலிருந்து கொஞ்சம் திருப்பி மாட்டுவது இரண்டையும் விடச் சிறந்தது. அதிலும் ஒரு லாபம்: இந்த சென்சார், நேராக நடந்து வருபவரை விடக் குறுக்கே கடப்பவரைச் சட்டென்று உணரும். லேசாகத் திருப்பியதும் முதுகுப் படங்கள் முகப் படங்களாயின.

இரண்டாவது, பதிவின் நீளம். அறுபது நொடியிலிருந்து இருபதாகக் குறைத்தேன். வாசலுக்கு வந்தவர் யார் என்று அறிய இருபது போதும்.

மூன்றாவது, நேரலை. இதுதான் வீட்டில் கொஞ்சம் சங்கடமான விஷயம். வாசல் காலியாக இருக்கிறதா என்று பார்க்க அம்மா ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை நேரலையைத் திறந்துகொண்டிருந்தார். கேட்டால், டிவியை விட இது நன்றாக இருக்கிறது என்றார். ஒவ்வொரு முறை திறப்பதும் ஓர் ஆள் வந்ததற்குச் சமமான செலவு, சில நேரம் அதை விட அதிகம். பேச்சுவார்த்தையில் மூன்று தடவைக்கு இறங்கினார்.

நான்காவது, வாசல் விளக்கு. மாலையில் அது எரிந்தால் பெல் தன் அகச்சிவப்பு விளக்கைப் பெரும்பாலும் போடத் தேவையிருக்காது, படமும் வண்ணத்தில் வரும்.

இவ்வளவுக்குப் பிறகு நாளுக்கு 143 என்பது 20-க்குப் பக்கத்தில் வந்தது. அடுத்த சார்ஜ் இரண்டரை மாதம் தாங்கியது.

7. மணி உள்ளே ஒலிக்க வேண்டும்

பேட்டரியில் மட்டும் ஓடும் பெல், சுவரில் இருக்கும் பழைய மணியை அடிக்காது. உங்கள் போனில் அறிவிப்பு வரும், வாசலில் நிற்பவருக்கு பெல் சத்தம் கேட்கும். அவர் மணி அடித்துவிட்டதாக நம்பி நிற்பார். நீங்கள் போனை சைலண்டில் போட்டுக் குளித்துக்கொண்டிருப்பீர்கள். என் இரண்டு பார்சல்கள் இப்படித்தான் போயின. பிளக்கில் செருகும் உள்மணியை முதல் நாளே வாங்குங்கள். வீட்டில் போன் இல்லாத பெரியவரோ குழந்தையோ இருந்தால் இது கட்டாயம்.

போனிலும் ஒரு வேலை இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரி மிச்சம் பிடிக்க, பின்னணியில் இருக்கும் ஆப்களைத் தூங்கவைக்கும். பெல் ஆப்புக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். தொந்தரவு செய்யாதே நிலையிலும் பெல்லுக்கு விலக்கு கொடுங்கள்.

8. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மூன்று சோதனை

கெடு எந்தத் தேதி என்று பில்லில் பார்த்து, போன் காலண்டரில் அதற்கு மூன்று நாள் முன்னதாக நினைவூட்டல் வையுங்கள். அதற்குள் இவற்றைச் செய்துவிடுங்கள்.

ரவுட்டரை அணைத்துவிட்டு வெளியே போய் மணியை அடியுங்கள். உள்மணி ஒலிக்கிறதா? சில தயாரிப்புகளில் பெல்லும் துணைப் பெட்டியும் நேரடியாகப் பேசிக்கொள்ளும், அதனால் ஒலிக்கும். சிலவற்றில் எல்லாம் இணையம் வழியாகத்தான் போகும், அதனால் இணையம் போனால் உங்கள் வீட்டுக்குக் காலிங் பெல்லே கிடையாது.

மணி அடித்த நொடியிலிருந்து போனில் படம் வரும்வரை எண்ணுங்கள். மூன்று நான்கு நொடி என்றால் சரி. பத்து என்றால் ஆள் போய்விடுவார்.

இரவில், விளக்கை அணைத்து, வீட்டில் ஒருவரை வாசலுக்கு நடந்து வரச் சொல்லுங்கள். முகம் தெரிகிறதா, பதிவு எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். படியேறும்போதே தொடங்கினால் நல்ல பெல்.

9. கணக்குக்குப் பூட்டு

வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல், அதற்கு மேல் போனுக்கு வரும் குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு. இரண்டும் இல்லாமல் பெல்லை ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். 2023-இல் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், ரிங் ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் காணொளிகளைப் பார்க்க முடிந்ததற்காகவும், கசிந்த கடவுச்சொற்களால் வெளியாட்கள் கணக்குகளில் நுழைவதைத் தடுக்கத் தவறியதற்காகவும் ரிங் நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. 58 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது.

வீட்டில் எல்லோருக்கும் உங்கள் கடவுச்சொல்லையே கொடுக்காதீர்கள். ஆப்பில் பகிரப்பட்ட பயனராகச் சேர்க்கும் வழி இருக்கும். ஒருவர் வீட்டை விட்டுப் போனால் அவரை மட்டும் நீக்கிவிடலாம்.

10. சார்ஜ் நாள்

20 சதவீதம் வரும்வரை காத்திருக்காமல் 30-இலேயே கழற்றிவிடுங்கள். இந்த சதவீதக் கணக்கு நேர்க்கோட்டில் இறங்காது. குளிர் இரவில் 25 என்று காட்டியது காலையில் அணைந்திருக்கும். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யவே கூடாது, அதனால் குளிரிலிருந்து கழற்றி வந்தால் அறைச் சூட்டுக்கு வரவிட்டுப் போடுங்கள். உதிரி பேட்டரி இருந்தால் மாற்றல் ஒரு நிமிட வேலை. ஒன்று வாசலில், ஒன்று இழுப்பறையில் பாதிக்கு மேல் சார்ஜோடு.

கழற்றும் நாளிலேயே லென்ஸையும் மென்மையான துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு வாரமாக இரவுப் படங்களில் வெள்ளைக் கயிறு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. யாரோ எதையோ கட்டிவிட்டுப் போகிறார்கள் என்று வீடே பயந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தால், லென்ஸின் ஓரத்தில் விரல் நுனியளவு சிலந்தி, அதன் ஒற்றை இழை. அகச்சிவப்பு ஒளி பட்டு இழை கயிறாகியிருக்கிறது. அந்த ஒரு வாரத்தில் நாங்கள் நேரலை பார்த்தே தீர்த்த சார்ஜுக்குக் கணக்கில்லை.

பேட்டரி உப்பியது போலத் தெரிந்தால், மூடி சரியாக மூடாமல் நின்றால், சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடவும் செய்யாதீர்கள். குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

11. வீடு மாறும்போது

சுவரிலிருந்து கழற்றுவதற்கு முன், பெல் இணையத்தில் இருக்கும்போதே, ஆப்பில் உங்கள் கணக்கிலிருந்து அதை நீக்குங்கள். நீக்காமல் விற்றால் வாங்கியவரால் அதைச் சேர்க்க முடியாது, இரவு பத்து மணிக்கு உங்களைத்தான் கூப்பிடுவார். வேண்டிய காணொளிகளை அதற்கு முன்பே இறக்கி வையுங்கள், நீக்கியதும் அவையும் போய்விடலாம். சந்தாவைத் தனியாக ரத்து செய்ய வேண்டும், கருவியை நீக்கினால் அதுவாக நின்றுவிடாது. எனக்கு இரண்டு மாதக் கட்டணம் போன பிறகுதான் இது தெரிந்தது.